காதோடு கேட்க வேண்டிய கேள்வி

ஐயா,

உங்கள் மருத்துவமனையில் என் மனைவி சொர்ணவல்லிக்குப் பித்தப்பையை எடுத்த அன்றே வீட்டுக்கு அனுப்பினீர்கள். டாக்டருக்குப் பதிலாக விசாரிக்கும் பேசும் பெட்டியும் கூடவே வந்தது. அதைக் கூடத்தில் மாட்டினோம்.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது பெட்டி தெருவுக்கே கேட்கும்படி, "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்றது.

சொர்ணவல்லி தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு. அதுக்கு என்ன இப்போ?" என்றாள். மகள் சிரித்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகுதான், "ஆகலைங்க" என்று என்னிடம் சொன்னாள். வயிறு உப்பிக்கொண்டே போனது. பச்சையாக வாந்தி எடுத்து மயங்கினாள். பெட்டியிடம் சொன்னேன்.

"காத்து பிரிஞ்சவங்களுக்குக் குடல் அடைப்பு இருக்காதுங்க. சாதாரண உப்புசம்தான்."

"அவ பொய் சொல்லிட்டாய்யா! மாப்பிள்ளை நின்னாருல்ல!"

"நோயாளி தன் வாயால மாத்திச் சொல்லணுங்க" என்றது.

நானே கார் பிடித்துக் கொண்டுவந்தபோது நேரம் கடந்திருந்தது; அவள் பிழைக்கவில்லை. தொப்புளருகே கருவி நுழைத்த சிறு துளையில் குடல் சிக்கி அழுகியிருந்ததாம். மிக அபூர்வம் என்றார்கள்.

அவள் பொய் சொன்னது உண்மைதான். என் வேண்டுகோள் ஒன்றே: அந்தக் கேள்வியைக் காதோடு கேட்கச் செய்யுங்கள்.

நேற்று, உங்களிடம் ஆபரேஷன் முடிந்து வந்த எதிர்வீட்டு அம்மாவிடம் அதே மாதிரிப் பெட்டி அதையே கேட்டதும், அவர் "ஆச்சு" என்றதும் என் கூடம்வரை கேட்டன. ஓடிப்போய் அந்த வீட்டு ஆண்களையெல்லாம் தெருவுக்கு அழைத்துவந்து, கதவைச் சாத்தி, மறுபடி கேட்கச் சொன்னேன்.

பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

இப்படிக்கு,
கோ. உலகநாதன்