அட்டையைக் காட்டுங்க!

“ஏனுங்க, நீங்க யாருங்க?” என்று கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டாள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் லோகப்பிரியா.

வெளியே நின்றவன் திருதிருவென முழித்தான். “நானுங்க... சுரேந்தருங்க. கம்ப்யூட்டர் சர்வீசுங்க.”

“அடையாள அட்டையைக் காட்டுங்க.”

தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்த ஈஸ்வரமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. அவிநாசிப் பக்கத்து இந்தப் பேரூராட்சிக்குச் செயல் அலுவலராக அவர் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. உள்ளாட்சித் தேர்தல் நேரம். பக்கத்து ஊர் அலுவலகத்தில் எவனோ சர்வீஸ் ஆள் என்று நுழைந்து, பென் டிரைவைச் செருகி, வாக்காளர் பட்டியலையே கலைத்துவிட்டுப் போயிருந்தான்.

பாதுகாப்புக்குச் செலவழிக்க இங்கே நிதி ஏது? அதனால் காசில்லாத சட்டம் ஒன்றைப் போட்டிருந்தார். தெரிந்தவரோ தெரியாதவரோ, அட்டை இல்லாமல் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது.

“அட்டையை மறந்துட்டனுங்க. மாசாமாசம் நாந்தானுங்களே வாரேன்?”

“வருவீங்க. அட்டை எங்கீங்க?”

அதோடு விட்டாளா? கம்பெனிக்குப் போன் போட்டாள். “உங்க ஆளுன்னு ஒருத்தர் வந்து நிக்கறாருங்க. அனுப்புனீங்களா? சரிங்க.” போனை வைத்துவிட்டு, “அனுப்புனது நெசந்தானாமுங்க. ஆனா அட்டை வேணுமுங்க” என்றாள்.

“வெய்யில் எனக்கு ஆகாதுங்க. உங்களுக்கே தெரியும்.”

“தெரியுமுங்க. அந்த வேப்பமரத்தடியில நில்லுங்க.”

ஈஸ்வரமூர்த்தியின் பெருமை போய்ப் பயம் வந்தது. இவன் வந்து வைரஸ் தடுப்பைப் போட்டால்தான் வாக்காளர் பட்டியலை ஏற்ற முடியும்; மாலைக்குள் ஏற்றாவிட்டால் கலெக்டர் ஆபீசில் அவர் தலைதான் உருளும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று நொந்தபடி எழுந்து வந்தார்.

“பாவம், உட்டுரு அம்மணி. பார்த்தா நல்ல மனுசனாட்டந்தான் தெரியுது.”

“நல்ல மனுசந்தானுங்க சார். ஆனா தெரிஞ்சவங்களுக்கும் இதே சட்டம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

சுரேந்தர் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். “இங்க ரெண்டு தெருத் தள்ளித்தானுங்க, போய் எடுத்துட்டே வந்துருவேன். ஆனா ஊடு பூட்டியிருக்குதுங்களே!”

லோகப்பிரியா தன் கைப்பையைத் திறந்தாள். ஒரு சாவியை எடுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினாள்.

“டிவி மேலதான் வெச்சிருக்கறீங்க. அப்படியே கொடியில காயற பாப்பா துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டுட்டு வாங்க.”