பத்தடி இடைவெளி

“பூரணம், பத்தடி பின்னாலை வா எண்டனான். தலைப்பை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு இழுத்து விடு,” என்றார் கதிரவேல், திரும்பிப் பாராமலே.

“இன்னும் இழுத்தால் வழி தெரியாமல் கடலுக்கைதான் விழுவன்,” என்றாள் பூரணம். ஆனாலும் இழுத்து விட்டாள்.

கட்டைபறிச்சான் பக்கமிருந்து ஒரே லோஞ்சுப் படகில்தான் இருவரும் திருகோணமலைக்கு வந்திருந்தார்கள். அவர் முன்பக்கம், அவள் பெண்களோடு பின்பக்கம். கச்சேரியில் காணி அலுவல் என்று அவர் ஊரில் சொல்லியிருந்தார். கோணேசருக்கு நேர்த்தி என்று அவள் சொல்லியிருந்தாள். மாதத்தில் ஒரு புதன்கிழமை இப்படி இருவருக்கும் ஒரே நாளில் பட்டணத்தில் அலுவல் வந்துவிடும்.

அகப்பட்டால் மானம் போய்விடும். கதிரவேல் ஊர்ப் பிள்ளையார் கோயிலை நடத்தும் வண்ணக்கர். திருவிழாவில் காளாஞ்சி என்று கொடுக்கும் முதல் வெற்றிலைத் தட்டம் அவருக்குத்தான். இவளோடு இந்தக் கோலத்தில் ஊரவன் ஒருவன் கண்டுவிட்டால், வருகிற ஆவணியில் எந்த முகத்தோடு அந்தத் தட்டத்துக்குக் கை நீட்டுவது? யுத்தம் வந்ததிலிருந்து ஊர் இளந்தாரிகள் பாதிப்பேர் துறைமுக வேலையில். எந்த முடக்கிலும் ஒருவன் நிற்கலாம்.

கோட்டை வாசலில், துவக்கோடு நின்ற சிப்பாய்க்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒரு கிளாக்கர் பேர் பதிந்துகொண்டிருந்தார்.

“உங்கடை பேர்?”

“கோணேஸ்வரி,” என்று பூரணம் கூசாமல் சொன்னாள்.

“கூட வந்தவரின்ரை பேர்?”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “அதை என்னட்டைக் கேக்காதேங்கோ, ஐயா. அவரையே கேளுங்கோ.”

“வல்லிபுரம். ஊர் திரியாய்,” என்று கதிரவேல் முந்திக்கொண்டார். தன் பேரைச் செத்தாலும் அவள் வாய் சொல்லாது என்பது அவருக்குத் தெரியும்.

மலை உச்சியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். கடலில் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் எருமைகள் மாதிரி ஊறிக் கிடந்தன. மலை பிளந்து கடலுக்கு இறங்கும் இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தவளின் கையைக் கதிரவேல் பிடித்து இழுத்தார்.

“விழப் போறாய்!”

“விழுந்தால் ஊர் என்ன சொல்லும்?”

“நேர்த்திக்குப் போனவள் விழுந்தாள் எண்டு சொல்லும். கச்சேரிக்குப் போனவர் ஏன் நனைஞ்சு வந்தவர் எண்டு கேக்கும்.” கையை விடாமலே கேட்டார்: “போன மாசம் ஏன் வரேல்லை? கடையிலை ரெண்டு பேற்றை சாப்பாட்டையும் நான் தனியத் திண்டனான்.”

“அண்ணன் விடேல்லை. யப்பான்காரன் திரும்பவும் குண்டு போடுவானாம்.”

“உன்ரை அண்ணனை விடவோ யப்பான்காரன்?”

பூரணம் தலைப்புக்குள் சிரித்தாள்.

துறைமுகத் தெரு முடக்கில் ஸைனுலாப்தீனின் சாப்பாட்டுக் கடை. உள்ளே, ஓலைத்தட்டி மறைவில் அவர்களுக்கென்றே இரண்டு கதிரைகள். ஊரில் பிறத்தியார் வீட்டுப் பச்சைத் தண்ணீரும் குடிக்காத வண்ணக்கர், இங்கே இடியப்பத்தைச் சொதியில் குளிப்பாட்டினார். இறால் பொரியல் வந்தது. வட்டிலப்பம் பின்னால் காத்திருந்தது.

“வீட்டிலை இப்ப ஆர் சமைக்கிறது?”

“நான்தான். சொதி வைச்சால் கூழ் மாதிரி வருது. கூழ் வைச்சால் குதிரைக்கும் குடுக்க ஏலாது.”

“முதற்பாலை விட்டிட்டுக் கொதிக்க வைச்சிருப்பீங்கள். எத்தினை தரம் சொன்னனான்?” சொல்லிக்கொண்டே தன் தட்டிலிருந்த பெரிய இறாலை அவர் தட்டுக்குத் தள்ளினாள்.

அந்த இறால் வாய்க்குப் போகவில்லை. அபாயச் சங்கு ஊதியது. யப்பான்காரன் வந்தானோ, வெள்ளைக்காரன் ஒத்திகை பார்த்தானோ, தெருவே ஓடியது. ஸைனுலாப்தீன் இருவரையும் பின்வளவுப் பதுங்கு குழிக்குள் இறக்கித் தானும் இறங்கினார். தெருவில் போனவர்களும் வந்து விழுந்தார்கள்.

கதிரவேல் பூரணத்தை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பிறகுதான் எதிரே குந்தியிருந்தவனைக் கண்டார். சின்னப்போடி! அவருடைய ஊரவன், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். அவன் காதில் காலையில் விழுந்தது மாலையில் மூதூர் முழுக்கக் கேட்கும்.

சின்னப்போடியின் கண் அவரைப் பார்த்தது, பூரணத்தைப் பார்த்தது, திரும்ப அவரிடம் வந்து நின்றது.

பூரணம் தலைப்பைப் படாரென்று விலக்கினாள். “சீ! உயிர் தப்ப வந்த இடத்திலையும் இந்த மூஞ்சையிலையோ முழிக்க வேணும்? இந்த மனுசனை அங்காலை தள்ளி இருக்கச் சொல்லுங்கோ, நானா!” என்று ஸைனுலாப்தீனிடம் கத்தினாள்.

வண்ணக்கரின் முதுகு நிமிர்ந்தது. “முதலிலை அவவை மேலை ஏறச் சொல்லும். அந்த வாயைக் கேட்டால் யப்பான்காரன் பிளேனைத் திருப்பிக்கொண்டு போயிடுவான்,” என்று மண்சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப்பின் இரண்டு முகமும் இரண்டு திசை. சேலைத் தலைப்புக்குக் கீழே மட்டும் அவருடைய சுண்டுவிரலை அவளுடைய சுண்டுவிரல் இறுக்கிக் கொளுவியிருந்தது.

“என்ன தம்பி, இவங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்ன பகை?” என்று ஸைனுலாப்தீன் ஒன்றும் அறியாதவர்போலச் சின்னப்போடியிடம் கேட்டார்.

“காளாஞ்சிப் பகை, நானா. முதல் தட்டம் தனக்கெண்டு அவவின்ரை அண்ணன் நிண்டார். இவர் விட்டுக் குடுக்கேல்லை. அதோடை முறிஞ்சது முறிஞ்சதுதான்.”

சின்னப்போடி தலையில் கை வைத்துப் பெருமூச்சு விட்டான்.

“புருசனும் பெண்சாதியும் ஒரு சொல்லுக் கதைச்சுப் பன்ரெண்டு வருசம்!”