காசில் உட்கார்ந்திருப்பவள்

"அந்தக் காச வாத்தியார்தானுங்க எடுத்துட்டுப் போனாரு. பொட்டியத் தொறந்தத நானே பாத்தேன்."

அரவேணு பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஜெகதளாவில் இறங்கியதும் ஓடினேன்.

கிறிஸ்தவ சபைக் கட்டடத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் எங்கள் பழம்பொருள் காட்சியறை. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது.

அதில் இருந்தது ரோமாபுரி வெள்ளிக் காசு. இரண்டாயிரம் வருஷத்துப் பழசு. ஒரு பக்கம் இலைக் கிரீடம் வைத்த ராஜா. மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்; ஒரு கையில் நீளக் கோல், இன்னொரு கையில் சின்னக் கிளை. அன்றைக்கு அதைப் பார்க்கத்தான் கோயமுத்தூரிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

சபைச் செயலாளர் ஜெர்சன் போனும் கையுமாக வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இப்ப நான் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. காசக் காணோம். வாத்தியார் வேலைதான். இன்னைக்கே அவர அனுப்பிடப் போறேன்... கெஸியா எப்படி இருக்கா? இன்னுமா?"

கெஸியா அவர் மனைவி. முதல் பிரசவம். முந்தின நாள் சாயங்காலமே வலி வந்து குன்னூரில் சேர்த்திருந்தார்கள்.

அதன்பிறகு கால்மணி நேரத்தில் ஜெர்சன் பத்துத் தடவையாவது போனை எடுத்துப் பார்த்திருப்பார். ஒருவழியாக தேவநேசன் வாத்தியார் வந்தார். ரிட்டயரான பிறகு காட்சியறையைப் பார்த்துக்கொள்கிறவர். பின்னாலிருக்கும் சின்ன ரூம்தான் அவருக்கு வீடு.

"காசு எங்கீங்க?"

"பத்திரமா இருக்குதுங்க தம்பி. சாயங்காலம் வந்துரும்."

"வந்துருமா? அது என்ன, மேயப் போயிருக்குதா?"

"ஒருத்தங்களுக்கு வேண்டியிருந்துச்சு. குடுத்திருக்கறேன்."

"நல்லா இருக்குது! வாடகைக்கு விடறீங்களா?"

"வாடகையெல்லாம் இல்லீங்க. தேயிலைக்குக் குழி தோண்டறப்ப இத எடுத்தது எஸ்டேட் மூக்கம்மா. அப்புறம் எஸ்டேட் லைன் வீடுகள்ல எந்தப் பொண்ணு பிரசவத்துக்குப் போனாலும் கையில இதக் குடுத்துத்தான் அனுப்புவாங்க. எத்தன வலி வந்தாலும் காசுல இருக்கற இந்தம்மா மாதிரி தைரியமா உக்காந்திருக்கலாம்னு ஒரு நம்பிக்கை. பொட்டிக்குக் குடுக்கறப்ப மூக்கம்மா ஒரே ஒரு வாக்குதான் கேட்டாங்க. யார் வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு."

ஜெர்சன் முகம் சிவந்துவிட்டது.

"சபைக்குள்ள தாயத்து வேலையா! போன வாரந்தான் எங்கம்மா பெண்கள் கூட்டத்துல கயிறு கட்டியிருந்தவங்கள எழுப்பி நிக்க வெச்சு அறுக்கச் சொன்னாங்க. நீங்க இங்க காசு குடுத்தனுப்பறீங்க. யார்கிட்ட இருக்குது? பேரச் சொல்லுங்க."

வாத்தியார் சுவரைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான் குடுத்தேனுங்க."

"அப்ப சாவியக் குடுங்க. ரூமையும் காலி பண்ணிருங்க."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் வாத்தியார் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது சத்தம் போடாமல் இருக்க இரண்டு கையாலும் வைத்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜெர்சனின் அம்மா பிலோமி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சாவிய வாங்காதடா. இந்தா, காசு."

விரித்த உள்ளங்கையில் அது வியர்வையோடு மின்னியது.

"அம்மா... நீயா?"

"நானேதான். நேத்து வந்து கேட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க வாத்தியாரேன்னு கெஞ்சினேன். எனக்காக அந்த மனுசன் தெருவுல நிக்கறதா? நீ போன்ல சொன்னதும் கெஸியா கையில இருந்து பிடுங்கிட்டு வந்துட்டேன். எங்க விட்டா? ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன்."

"குழந்தை?"

"இன்னும் இல்லடா. அத எடுத்ததுல இருந்து அழுதுட்டே இருக்கறா."

வெளியே வேன் ஹாரன் கேட்டது. பிள்ளைகள் சிரித்துப் பேசியபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவசரமாகக் கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தேன்.

ஜெர்சன் காசை வாங்கினார். ராஜாவைப் பார்த்தார். திருப்பி, உட்கார்ந்திருப்பவளையும் பார்த்தார். பெட்டிப் பக்கம் ஓரடி வைத்தவர் நின்றுவிட்டார்.

சாவிக்கொத்தை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்தார். காசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளை விலக்கியபடி ஓடிப்போய், பைக்கைக் குன்னூர்ப் பக்கம் திருப்பினார்.