கால் சுற்று

மதிய வெயில் விழும் சமையலறை மேசையில் அவன் மனைவியின் கிட்டார், கம்பிகள் கழற்றப்பட்டு, மல்லாந்து கிடக்கிறது. அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பது இதை வைத்துத்தான். அதன் கழுத்து வளைந்துவிட்டது. அவன் கிட்டாரின் நடுத் துளைக்குள் முறுக்குச் சாவியை விட்டு, கழுத்தை நிமிர்த்தும் இரும்புத் தண்டை முறுக்குகிறான். “ரிப்பேர்காரர்கிட்டயே திரும்பக் குடுத்திருக்கலாம். நாலு மணிக்குப் பிள்ளைங்க வந்துடுவாங்க,” என்கிறாள் அவள், கதவில் சாய்ந்தபடி. “அந்தத் திருடன்கிட்டயா? பாதி வேலையப் பண்ணிட்டு, இதுக்கு மேல வராதுன்னு கதை விட்டான். வீடியோல பாத்துட்டேன், கால் சுற்றுதான்.” “பெரிய விஞ்ஞானி.” கால் சுற்றில் கழுத்து அசையவில்லை. இன்னொரு கால் சுற்று முறுக்குகிறான். உள்ளே சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம்; பிறகு சாவி பிடிப்பில்லாமல் சும்மா சுழல்கிறது. அவன் போனைத் துளைக்குள் விட்டு, கழுத்தடியைப் படம் எடுக்கிறான். மரத்தில் பென்சிலால் பொறுமையாக எழுதியிருக்கிறது: ‘மரை தேய்ந்துவிட்டது. இதற்கு மேல் முறுக்க வேண்டாம்.’ அவள் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறாள். “திருடனுக்குக் கையெழுத்து அழகா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, நாலு மணிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடத் தொடங்குகிறாள்.