எழுதாதது நடக்காதது

"நாய்" என்றாள்.

அவசரப் பிரிவு மருத்துவர் அவள் வயிற்றிலிருந்த பஞ்சை விலக்கிப் பார்த்தார். தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, கன்றிப் போயிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியதில் பல் பதிந்த வடிவம் கலைந்து, வீக்கம்தான் மிச்சம்.

நாய் காலைத்தானே கடிக்கும் என்று கேட்டார். குனிந்து சாப்பாடு வைத்தேன், எட்டிக் கடித்துவிட்டது என்றாள். கடித்த வாயைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

வருடக்கணக்காக அவளுக்கு இதுதான் பிழைப்பு. மருத்துவர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, காயத்துக்கும் காரணத்துக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது. நாய் கடித்தால் ஓர் எண். ஆமை கடித்தால் ஓர் எண். வாத்து கடித்தால்கூட ஓர் எண் உண்டு.

மனிதர் கடித்தால் மட்டும் எண்ணோடு விடமாட்டார்கள். யார், ஏன், வேண்டுமென்றேயா, இதற்கு முன்னும் நடந்ததா என்று குடைவார்கள். எழுதாதது நடக்காதது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். எழுதிவிட்டாலோ, அது எல்லா மேசைக்கும் போகும்.

இதே மருத்துவமனை நடத்தும் முதியோர் இல்லத்துக்கும் போகும். அங்கே திங்கட்கிழமை முதல் ஒரு வாரத்துக்கு அப்பாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அடிப்பவர், கடிப்பவரைச் சேர்ப்பதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் கட்டையைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக, இல்லாத ஒரு வாயில்லா ஜீவன் மேல் பழி போட்டதில் அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை. வெட்கப்படவும் தெம்பு வேண்டும்.

"ஆழம் எவ்வளவுன்னும் எழுதிடுங்க டாக்டர். இல்லேன்னா என்னை மாதிரி ஒருத்தி நாளைக்கு உங்க உயிரை வாங்குவா."

அவர் சிரித்தபடி எழுதினார். வீட்டு நாய் என்றால் கட்டிப்போட வேண்டியதுதானே என்றார்.

எல்லாக் கேள்விக்கும் பதில் யோசித்து வந்தவள் மூலை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

செவிலி ஊசியோடு வந்தார். கடிக்காத நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசி. தலையெழுத்து என்று கையை நீட்டினாள்.

வீட்டில் தனியே விட முடியாமல் அப்பாவையும் கூட்டி வந்திருந்தாள். அதுவரை மூலை நாற்காலியில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தவர், ஊசியைக் கண்டதும் எழுந்து வந்தார். மாதக்கணக்காக அவளை யாரும்மா நீ என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அவள் தலையில் கை வைத்தார்.

"மெதுவாப் போடும்மா. எம் பொண்ணுக்கு ஊசின்னா பயம்."

அவளுக்குக் கண்ணைத் துடைக்கக் கை எழவில்லை.

அப்பா குனிந்து அவள் வயிற்றிலிருந்த பஞ்சைப் பார்த்தார். அவர் முகம் கடுகடுத்தது.

"எந்த நாய் கண்ணு? சொல்லு, அப்பா போய்க் கேக்குறேன்."