தலைவர் வீட்டு பைபிள்

"எங்கம்மா சோறு பொங்கிப் போட்ட வீட்டுக்குள்ள நான் டிக்கெட் எடுத்து ஏறணுமா?" வாசலிலேயே கத்தினார் ஜெபதாஸ்.

"பிள்ளைய ரெண்டும் இந்த வீட்ட இன்னைக்கே பாத்தாகணும் அண்ணே!" மாப்பிள்ளையின் அம்மா ரோஸ்லெட்டும் விடவில்லை.

மறைந்த எங்கள் ஊர்த் தலைவர் வாழ்ந்த வீடு இப்போது மியூசியம். அவருடைய மருமகள் ரோஸ்லெட்தான் சாவியை வைத்திருக்கிறார். ஜெபதாஸின் மகள் சஜிதாவுக்கும் தலைவரின் பேரன் ஆன்ஸ்லினுக்கும் சபையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு முறை வாசித்தாயிற்று. சமையல்காரி மகன் என்கிற கூச்சம்தான் ஜெபதாஸுக்கு என்று, பெண் வீட்டு வேனில் ஓசியில் தொற்றிக்கொண்ட நானும் நினைத்தேன்.

உள்ளே போனதும் ரோஸ்லெட் நேரே ஒரு கண்ணாடிப் பெட்டியருகே போய் நின்றார். என்றைக்கும் நடுவே சங்கீதப் பாடல் பகுதியில் திறந்திருக்கும் குடும்ப பைபிள், அன்று பிள்ளைகள் பிறந்ததை எழுதும் முதல் பக்கத்தில் திறந்திருந்தது.

"தாத்தா கையெழுத்து, பாத்தியா?" பெருமையாக வாசித்தான் ஆன்ஸ்லின். "மூத்த மகன் சாலமோன், அது எங்கப்பா. இளைய மகன்..."

நிறுத்திவிட்டான். சஜிதா குனிந்து மீதியை வாசித்தாள்.

"ஜெபதாஸ். தாய், சமையல்காரி பூங்கனி."

"முந்தாநாள் தூசி தட்டும்போதுதான் கண்டேன்," என்றார் ரோஸ்லெட். "வாயால சொல்லத் தைரியம் வரல, கொழுந்தனாரே."

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. சஜிதா ஆரல்வாய்மொழி வாத்தியார் ஒருவரைக் கட்டினாள். மஸ்கட்டுக்குப் போய்விட்ட ஆன்ஸ்லின், அண்ணன் முறைக்கு ஒரு சங்கிலி கொடுத்தனுப்பினான். அவள் அதைப் போட்டு இதுவரை நான் பார்க்கவில்லை.