அதாவது

ஸ்கேன் அறையில் டாக்டர் முதலில் இங்கிலீஷில் ஏதோ சொல்வார். பிறகு ‘அதாவது’ என்பார். போன இரண்டு முறையும் ஜெசிந்தாவின் குழந்தை அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் இல்லாமல் போனது. இன்றும் அவள் வயிற்றில் கருவியை வைத்துத் திரையை வெகுநேரம் பார்த்த டாக்டர், “அதாவது, ஜெசிந்தா…” என்றார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். தடதடவென்று, வெட்டவெளியில் குதிரை ஓடுவதுபோல், அறையெங்கும் ஒரு துடிப்பு நிறைந்தது. கதவைத் திறந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

“அப்படின்னா, டாக்டர்?” என்றான் கணவன் அருளப்பன்.

“பேசாம இருங்களேன்,” என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் திறக்காமல். “அது சொல்லிட்டிருக்கு.”